காமர்ஸ் குரூப் பைலட்

பிளஸ் டூவில் நான் எடுத்தது காமர்ஸ் குரூப். பத்தாம் வகுப்பு அறிவியலில் வாங்கிய மார்க்கைப் பார்த்ததும், இனி இயற்பியல் பக்கம் தலைவைத்தே படுப்பதில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்போது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். திருச்சி பாலக்கரை வீட்டில் அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது சின்னவளான தங்கை. கணக்கு எழுதுகிற வேலை நல்ல வேலை, ஒரு ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்துவிடலாம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். எனக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

சின்ன வயதிலிருந்தே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாயா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். இல்லை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது வளைகுடாவில் இருந்தார்கள். ஏர்போர்ட் என்றால் அழுதுகொண்டே ஆளை அனுப்புகிற இடம். பிறகு கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு ஆள் திரும்பி வருகிற இடம். நடுவில் அந்த விமானத்தை ஒருவர் ஓட்டிக்கொண்டு போகிறார் என்பது என் புத்தியில் ஏறியதே கிடையாது.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த விடுமுறையில் அத்தா எங்கள் மூவரையும் விசிட் விசாவில் ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். இடுப்பு வலி அவரை ரொம்பவும் படுத்திக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். ஒரு மாதம் இருந்துவிட்டு நான்கு பேரும் சேர்ந்தே திருச்சிக்குத் திரும்பினோம்.

திருச்சியில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியே கோடை மழை. ஜன்னல் வழியாக வீடுகளின் மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் தெளிவாகத் தெரிந்தன. இதோ சக்கரம் தரையைத் தொடப்போகிறது என்று நினைத்த நேரத்தில் என்ஜின் பெரிதாக இரைந்தது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறியது. பின் வரிசையில் யாரோ சத்தமாகக் கலிமா சொன்னார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்தது. வருடக்கணக்காகப் போய்வந்துகொண்டிருந்த அத்தா, இதெல்லாம் சகஜம் என்றார். ஆனால் அவர் முகம் வெளுத்திருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. முதலில் ஆங்கிலம். அப்புறம் தமிழ்.

"ரன்வேக்கு மேல காத்து நிலையா இல்லைங்க. அதனாலதான் மேல ஏறிட்டோம். ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப இறங்குவோம். சீட் பெல்ட்டை மட்டும் கழட்டாம இருங்க, போதும்."

அவ்வளவுதான். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா பேசுவதைப் போன்ற குரல். விமானம் முழுக்க அடங்கிவிட்டது. அம்மா என் கையை விட்டாள். இரண்டாவது முறை பூப்போல இறங்கினோம். இறங்கி வெளியே போகும்போது முன்னால் விமானி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அந்தக் குரலுக்குரியவர். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். என்னைப் போலவே கண்ணாடி போட்டிருந்தார். ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வீடு வந்து சேர்ந்து பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன், நான் பைலட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று. யாரும் சிரிக்கவில்லை. அத்தா, அதற்கு எந்தக் காலேஜில் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், எங்கள் சொந்தத்தில் யாருக்கும் தெரியவில்லை.

தெரியாதபோதுதான் எல்லாரும் சொல்லுவார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்தால் ஏரோப்ளேன் ஓட்டலாம் என்றார். அது விமானம் செய்கிற படிப்பு என்று தங்கை சொன்னதும், செய்கிறவனுக்கு ஓட்டத் தெரியாதா என்று திருப்பிக் கேட்டார். கண்ணாடி போட்டவர்களை எடுக்கவே மாட்டார்கள் என்று இன்னொரு பக்கம் பேச்சு வந்தது. கண்ணாடி போட்ட ஒருவரை நானே பார்த்துவிட்டு வந்திருந்ததால் அது என்னை அசைக்கவில்லை. இதற்கிடையில், கையில் ஒரு சீட்டாவது இருக்கட்டும் என்று திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் பி.காமுக்கு ஃபீஸ் கட்டி வைத்தோம்.

ஜூன் மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி நடந்தது. வெளியூர்க் கல்லூரிகள் வரிசையாக மேஜை போட்டிருந்தன. ஒரு மேஜைக்குப் பின்னால் விமானத்தின் முன்பக்கத்தைப் பெரிய படமாக மாட்டியிருந்தார்கள். அதன் முன்னால் வெள்ளைச் சட்டையும் தோள்பட்டையில் தங்கக் கோடுகளுமாக ஒருவர். பி.எஸ்சி ஏவியேஷன், மூன்று வருடம், ஹாஸ்டல் உண்டு, முடித்ததும் பைலட் என்றார். காமர்ஸ் குரூப் என்று நான் தயங்கிச் சொன்னேன். அதற்கென்று தனியாக ஒரு கோர்ஸ் இருக்கிறது, நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றார். அத்தாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரே இடத்தில் டிகிரியும் கிடைக்கும், பறக்கவும் கற்றுக்கொள்ளலாம், ஹாஸ்டலில் பத்திரமாகவும் இருக்கலாம். வேறென்ன வேண்டும்? வருகிற திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்டுவதாகச் சொல்லிவிட்டார்.

தங்கை மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. அவள் அப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்து, கணிதமும் இயற்பியலும் இருக்கிற குரூப்பில் சேர்ந்திருந்தாள். அவளுக்கு எதையும் ஒரே தடவை கேட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இல்லை.

"மூணு வருஷம் முடிச்சா எங்க அக்கா கையில லைசென்ஸ் இருக்குமா, டிகிரி இருக்குமா?" என்று கேட்டாள்.

அவர் பயிற்சி நிறுவனங்களோடு இருக்கிற ஒப்பந்தத்தைப் பற்றி நிறையச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதே கேள்வியை அதே குரலில் மறுபடியும் கேட்டாள். லைசென்ஸ் தனி என்றார் அவர்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் அத்தாவின் போனை வாங்கி அரசாங்கத்தின் விமானப் போக்குவரத்துத் துறை இணையதளத்தைத் திறந்தாள். வணிக விமானி உரிமம் வாங்க என்ன வேண்டும் என்று அதில் நேராகவே போட்டிருந்தது. பதினெட்டு வயது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம். மருத்துவத் தகுதி. துறை நடத்துகிற தேர்வுகள். இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். டிகிரி என்ற வார்த்தையே அதில் எங்கும் இல்லை. இயற்பியல், கணிதம் என்ற இரண்டு வார்த்தைகள் இருந்தன. என்னிடம் அந்த இரண்டும்தான் இல்லை.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருக்காமல் எல்லார் முன்னாலும் அழுதேன். அத்தாவோ, அந்தக் கல்லூரிக்காரர்தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாரே என்று அட்வான்ஸ் கட்டுவதிலேயே இருந்தார்.

அட்வான்ஸ் கட்டுவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். ஊருக்கு வந்ததும் அத்தா பாலக்கரை மெயின் ரோட்டில் டூவீலர் சீட் கவர் போடுகிற கடை வைத்திருந்தார். மாமி பேங்கில் வேலை பார்க்கிறவர். ஸ்கூட்டர் சீட்டைப் பூனை பிறாண்டிக் கிழித்துவிட்டது. அத்தா வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் என் கதையைச் சொல்லிவிடுவார். மாமியிடமும் சொன்னார். மாமி எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்று விசாரித்தார்.

"பாய், திங்கட்கிழமை பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நடை எங்காத்துக்கு வாங்கோ. என் பிள்ளையோட பேசுங்கோ. அப்புறம் கட்டறதுன்னா கட்டுங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தா, நான், தங்கை மூவரும் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனோம். உத்தர வீதியில் வீடு. மாமி அப்போதுதான் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்திருந்தார். எங்களை ஹாலில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஏர்போர்ட்டில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ் போட்டுக்கொடுக்கிற வேலை. அதே மாதிரி ஏவியேஷன் பட்டப்படிப்பை வேறு ஊரில் முடித்தவர்.

"மூணு வருஷம் படிச்சேன். றெக்கை எப்படித் தூக்கறது, காத்து எப்படித் திரும்பறது, எல்லாம் சொல்லிக்கொடுத்தா. நன்னாத்தான் சொல்லிக்கொடுத்தா. ஆனா ஒரு தடவைகூட நான் விமானம் ஓட்டலை" என்றார்.

சேரும்போது பறக்கிற பயிற்சியும் அதற்குள்ளேயே வருகிறது என்று நினைத்திருக்கிறார்கள். அது தனி, அதற்குச் செலவும் தனி என்பது இரண்டாவது வருடத்தில்தான் தெரிந்ததாம். யார் மேலும் குற்றம் சொல்லாமல்தான் இதையெல்லாம் சொன்னார். மாமி மட்டும் தம்ளரைச் சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அத்தாவுக்கு ஒரே கவலை. "அப்ப டிகிரியே வேணாங்கிறீங்களா தம்பி? ஒரு டிகிரி இல்லாம எப்படி?"

"டிகிரி வேணும் பாய். பைலட்டுக்கு வருஷா வருஷம் உடம்பைப் பரிசோதிப்பா. என்னைக்காவது ஒருநாள் பறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா, அன்னைக்குக் கையில இருக்கற டிகிரி சோறு போடணும். என்கிட்ட இருக்கறதை வெச்சிண்டு ஏர்போர்ட்டுக்கு வெளியில எனக்கு வேலை இல்லை. உங்க பொண்ணு பி.காம் சீட்டை விடவேண்டாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மாதமாக அந்த பி.காம் சீட்டை நான் தப்பித்து ஓட வேண்டிய இடமாகத்தான் நினைத்திருந்தேன். அதையே அவர் காலூன்ற வேண்டிய தரையாகக் காட்டிவிட்டார். மற்றதையும் வரிசையாகச் சொன்னார். முதலில் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் மற்றது எதற்கும் அர்த்தம் இல்லை. அடுத்து திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் தனிப் பாடங்களாக எழுத வேண்டும். அப்புறம் துறைத் தேர்வுகள், கடைசியில் பறக்கிற பள்ளி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. அத்தா கம்பியைப் பிடித்தபடி குனிந்து என்னிடம் சொன்னார்: "பி.காம் இங்கயே படி. பறக்குறதுக்கு வேண்டியதைத் தனியா படிப்போம்."

படிப்போமா, நீங்களுமா என்று தங்கை கேட்டாள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அத்தா சிரித்தார். திங்கட்கிழமை அவர் அட்வான்ஸ் கட்டப் போகவில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கு அம்மா என்னைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். ரத்தம், ஈசிஜி, காது, நிறப்புள்ளிகளுக்கு நடுவே எண் தேடுகிற அட்டை எல்லாம் முடிந்தது. கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை படிக்கச் சொன்னார் டாக்டர். போட்டுக்கொண்டு கடைசி வரிசைவரை படித்தேன். கண்ணாடி தடையில்லை, பறக்கும்போது இன்னொரு ஜோடியும் கூடவே வைத்துக்கொள் என்றார். அம்மா அந்த இடத்திலேயே மாமுவுக்கு போன் போட்டு, டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். அதிலிருந்து அவள் என் பக்கம். அதுவரை எந்தப் பக்கம் என்று அவள் சொல்லியிருக்கவில்லை.

திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தாயிற்று. பாடம் நடத்துவது யார்? டியூஷன் சென்டர்களில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார எனக்குக் கூச்சம். நான் நடத்துகிறேன் என்றாள் தங்கை. அவளே அப்போது பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் வகுப்பில் கேட்டதைச் சாயங்காலம் எனக்கு நடத்துவாள். வீட்டில் அக்கா, பாடத்தில் மாணவி என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. புரியாமல் தலையாட்டினால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

"புரியலேன்னா புரியலேன்னு சொல்லுக்கா. எனக்காகத் தலையாட்டாத. பரீட்சை நானா எழுதப்போறேன்?"

பகலில் கல்லூரியில் இருப்புநிலைக் குறிப்பு, மாலையில் வீட்டில் விசைகளும் மின்சுற்றுகளும். கணிதம் பிடிபட்டது. கணக்குப் பதிவியலில் பழகிய கை எண்களுக்குப் பயப்படவில்லை. இயற்பியல் மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். கேள்வியை ஒரு அங்குலம் திருப்பிப்போட்டால் விழித்தேன்.

முதல் முறை எழுதியதில் கணிதம் பாஸ். இயற்பியல் ஃபெயில். வீட்டுக்கு வந்த மாமு, முயற்சி செய்து பார்த்தாயிற்று, இனி பி.காமை ஒழுங்காக முடிக்கட்டும், அதற்குள் நல்ல இடமாகப் பார்ப்போம் என்றார். அத்தா அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். என்னைவிட அதிகமாக அழுதவள் தங்கைதான். தான் ஃபெயில் ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"இனிமே நான் நடத்தலை. நீ எனக்கு நடத்து."

வேலை, ஆற்றல் பாடத்தில் ஆரம்பித்தேன். அவள் எதுவுமே தெரியாதவளைப் போல் உட்கார்ந்து, ஏன், ஏன் என்று கேட்டாள். முதல் வாரம் அவமானமாக இருந்தது. ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு வழி தெரியாமல் நின்றேன். நின்ற இடத்தில்தான் எனக்கு ஓட்டை என்று தெரிந்தது. அந்த இடத்தைப் படித்துவிட்டு மறுநாள் அங்கிருந்து நடத்தினேன். அழுத்தத்தை, அத்தா கடையிலிருந்து கொண்டுவந்த ரெக்ஸின் தைக்கிற ஊசியை வைத்து விளக்கினேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, அப்போ குக்கர் விசில்? என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது எனக்கு. எனக்கு இயற்பியல் தெரிகிறது என்று நான் முதன்முதலாக நம்பியது அன்றைக்குத்தான்.

இரண்டாவது முறை எழுதினேன். செய்முறைத் தேர்வு ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். என்னோடு எழுதியவர்களில் ஒரு போலீஸ்காரர் இருந்தார், கைக்குழந்தையை வெளியே தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் இருந்தார். நான் மட்டும்தான் பின்தங்கியவள் என்ற எண்ணம் அந்த ஆய்வுக்கூடத்தில் கழன்று போனது.

ரிசல்ட் வந்தபோது அம்மாவும் நானும் காந்தி மார்க்கெட்டில் இருந்தோம். அம்மா சின்ன வெங்காயத்துக்குக் கடுமையாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தங்கையிடமிருந்து போன். எடுத்தால் அழுகிறாள். பிறகுதான் மார்க்கைச் சொன்னாள். தேறியதோடு இல்லை, கணிதத்தைவிட இயற்பியலில்தான் அதிகம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேரத்தைப் பாதியில் நிறுத்தி, வியாபாரி கேட்ட விலையையே கொடுத்துவிட்டு, மூட்டை தூக்கிக்கொண்டு போன ஆள்கள் ஒதுங்கிப் போகும்படி நடுவழியில் நின்று என் நெற்றியில் முத்தம் வைத்தாள். வியாபாரி விஷயம் கேட்டுவிட்டு ஒரு கை வெங்காயம் கூடப் போட்டார்.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. பி.காம் இரண்டாம் வருடத்திலிருந்தே துறைத் தேர்வுகளுக்குப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்ரீரங்கத்து மாமி மகனும் விட்ட இடத்திலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு மாமிதான் அவரைக் கிளப்பிவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் தங்கையும் அங்கே போவோம். மாமி தளிகையை, அதாவது சமையலை, முடித்துவிட்டு எங்களுக்குத் தயிர்சாதம் எடுத்து வைப்பார். வானிலை, நேவிகேஷன், விமான விதிகள், என்ஜின். அவருக்கு மூன்று வருடப் படிப்பு கை கொடுத்தது, அவர் நடத்தினார். எனக்குப் பிறருக்கு நடத்திப் பார்க்கிற பழக்கம் கை கொடுத்தது, நானும் நடத்தினேன். தங்கைக்கு இதில் பரீட்சையே கிடையாது. ஆனாலும் இருவரையும் அவள்தான் குறுக்குக் கேள்வி கேட்டாள். பி.காம் கடைசி செமஸ்டர் வருவதற்குள் நாங்கள் இருவரும் எல்லாத் தாள்களையும் முடித்திருந்தோம்.

பி.காம் முடிந்ததும் அடுத்தது பறக்கிற பள்ளி. அதற்குச் செலவு அதிகம். மறைப்பதற்கில்லை. ஷார்ஜாவில் இருந்தபோது அத்தா ஊருக்கு வெளியே வாங்கிப்போட்டிருந்த மனை போயிற்று. மீதிக்கு பேங்க் கடன். எந்தப் பள்ளி என்று பார்க்கும்போது இந்தத் தடவை எங்களுக்கு என்ன கேட்பது என்று தெரிந்திருந்தது. எத்தனை விமானம் இன்று பறக்கிற நிலையில் இருக்கிறது, ஒரு மாணவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் எவ்வளவு நாளில் முடித்தார்கள். அத்தாவே போனில் கேட்டார். வளைகுடாவில் கற்ற அவருடைய ஹிந்தி கணீரென்று ஒலித்தது. சுற்றி வளைத்துப் பதில் சொன்ன இடங்களை விட்டுவிட்டு, நேராகப் பதில் சொன்ன ஒரு பள்ளியைப் பிடித்தோம். வடக்கே ஒரு சின்ன ஊர். சுற்றிலும் கரும்பும் பருத்தியும்.

அங்கே எனக்கு எல்லாம் வந்தது. தரையிறக்கம் மட்டும் வரவில்லை. ஓடுபாதையை நெருங்கியதும் நான் சீக்கிரமாகவே மூக்கைத் தூக்கிவிடுவேன். விமானம் தரைக்கு மேல் வேகம் இழந்து தொப்பென்று விழும். அதிகம் பேசாத என் பயிற்றுநர் ஒவ்வொரு முறையும் முதுகைத் தடவிக்கொண்டு, இன்னொரு தடவை என்பார். என்னோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தனியாகப் பறந்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் தங்கைக்கு போன் போட்டு, எனக்கு வராது போலிருக்கிறது என்றேன்.

"எப்படி இறக்கணும்? எனக்கு நடத்து" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தேன். வேகம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, இந்த இடத்தில் என்ஜினைக் குறைக்க வேண்டும், பிறகு பார்வையை ஓடுபாதையின் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டேன். நான் கொண்டுபோவதில்லை. பயிற்றுநர் அதைப் பலமுறை சொல்லியிருந்தார். நானோ பயத்தில் மூக்குக்கு நேர்கீழே இருக்கிற தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேகமாக மேலே வருகிற மாதிரி தெரியும். உடனே தூக்கிவிடுவேன். சரி வை, எனக்குப் படிக்கிற வேலை இருக்கிறது என்றாள் தங்கை.

மறுநாள் காலை நான்கு முறை இறக்கினேன். நான்கும் சரியாக வந்தன. ஐந்தாவது முறை கிளம்புவதற்கு முன் நிறுத்தச் சொல்லிவிட்டுப் பயிற்றுநர் கதவைத் திறந்து இறங்கினார். இறங்குவதற்கு முன், தன் சீட் பெல்ட்டை வெறும் சீட்டின் மேல் இறுக்கிப் பூட்டினார். ஒரு சுற்று, பார்த்துப் போ என்றார். கதவைச் சாத்தித் தட்டினார்.

அவர் இல்லாத விமானம் லேசாக இருந்தது. நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. பிஸ்மில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க யாரும் இல்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தேன், காலி. பயம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அதற்குப் பதிலாகச் சிரிப்பு வந்தது. கரும்புக் கொல்லைகளுக்கு மேல் திரும்பும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். இறங்கும்போது கண்ணை ஓடுபாதையின் கடைசியில் வைத்தேன். சக்கரம் தொட்டது எனக்கே சரியாகத் தெரியவில்லை. திரும்பி வந்து நின்றதும் உடன் படிக்கிறவர்கள் வாளி வாளியாகத் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். முதல் தனிப் பறத்தலுக்கு அங்கே அதுதான் வழக்கம். சொட்டச் சொட்ட நின்றுகொண்டு வீட்டுக்கு போன் போட்டேன். அத்தா போனைக் கடையில் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். தையல் மிஷின்கள் நிற்கிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது.

அந்த மாதமே ஸ்ரீரங்கத்து மாமி மகன் வேலையை விட்டுவிட்டு இன்னொரு பள்ளியில் சேர்ந்தார். சில மாதங்களில் அவரும் தனியாகப் பறந்தார். மாமி அதைப் பிள்ளையின் அத்தைகளுக்குச் சொல்வதற்கு முன் எங்கள் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

இருநூறு மணி நேரம் முடிந்து கடைசித் திறன் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அத்தாவும் அம்மாவும் இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்ந்தார்கள். தேர்வு முடிந்து நான் விமானத்தை நிறுத்தியபோது தேர்வாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாழ்த்துகள் கேப்டன் என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை நான் கேட்டுக்கொண்டேன்.

வேலிக்கு வெளியே நின்றிருந்த அத்தாவை அவரிடம் அறிமுகப்படுத்தினேன். மகள் எந்தக் கல்லூரியில் ஏவியேஷன் படித்தாள் என்று தேர்வாளர் ஹிந்தியில் விசாரித்தார். அத்தா முதுகை நிமிர்த்திக்கொண்டு, பி.காம், திருச்சி என்றார். இயற்பியல் அவளுடைய தங்கை நடத்தினாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். தேர்வாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் பொய் எதுவும் இல்லை என்று தலையாட்டினேன். அம்மா வீட்டில் செய்து கொண்டுவந்திருந்த தம்ரூட் டப்பாவைத் திறந்து, முதல் துண்டை அவர் கையில் வைத்தாள். இனிப்பு என் பயிற்றுநருக்கும், மெக்கானிக்குகளுக்கும், வாசலில் இருந்த காவலாளிக்கும் போய்ச் சேர்ந்தது.

விமானத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். பயிற்றுநர் அனுமதி கொடுத்தார். இறக்கைக்கு அடியில் குனிந்து வந்து, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஓட்டுகிற சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்த ஒவ்வொரு வட்டக் கருவியாகக் கை வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டாள். உயரம், வேகம், திசை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தா வெளியே நின்று, வெயில் தாழ்ந்துவிட்டது, போதும் இறங்கு என்றார். அவள் காதில் வாங்கவில்லை. எரிபொருள் முள்ளிடம் வந்ததும் கொஞ்சம் யோசித்தாள்.

"ஸ்கூட்டர் மாதிரி இதுலயும் ரிசர்வ் உண்டா?"

"உண்டும்மா. ரிசர்வுக்கு எண்ணெய் இல்லாம கிளம்பவே கூடாது."

"அப்ப சரி" என்றாள் அம்மா. கண்ணாடிக்கு வெளியே நீண்டு கிடந்த ஓடுபாதையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.